ரைட் பேக் ஆன சென்டர் ஃபார்வர்ட்: நம் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிளப் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், கமிட்டியில் பெயர் இல்லாமலே கமிட்டியை நடத்திக்கொண்டிருக்கும் டீக்கடை பெஞ்சு நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்கு, கோல்போஸ்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து "லெஃப்ட்ல பாரு, லெஃப்ட்ல பாரு" என்று தொண்டை கிழியக் கத்தும் கிழவன் என்றால் தெரியும். பெரம்பூரில் பிறந்து, ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி கட்டி ரிட்டயர் ஆனவன். நம் இந்த ஹாக்கி கிளப்புக்குப் பல வருஷம் கோல் நின்றிருக்கிறேன். கோல்கீப்பருக்கு ஒரு வசதி உண்டு. மற்ற பத்துப் பேர் முதுகும் அவனுக்குத்தான் தெரியும். யார் ஓடுகிறான், யார் ஓடுகிற மாதிரி நடிக்கிறான், யார் இடத்தை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் அலைகிறான் என்பதெல்லாம் அங்கேயிருந்து பளிச்சென்று தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோச்சின் கான்ட்ராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்று பேசப்போகிறீர்கள். கடைசி லீக் மேட்சில் நாலு கோல் வாங்கிக்கொண்டு எழும்பூரிலிருந்து திரும்பிய நாள் முதல் பேப்பர் மில்ஸ் ரோட்டில் வேறு பேச்சு இல்லை. ஒரு கட்சி "தூக்கு" என்கிறது. இன்னொரு கட்சி "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்கிறது. எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை. ஒரு வருஷம் எதற்கும் போதாது. மூன்று வருஷம் கொடுங்கள். கொடுக்கும்போது அவரிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதி வாங்குங்கள். அது என்ன என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

முதலில் நம்ம ஒன்பதாம் நம்பர் கதை. அவன் பெயரை எழுதப்போவதில்லை, எல்லாருக்கும் தெரியும். வியாசர்பாடிப் பையன். அந்த ஏரியாவில் குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்னால் ஃபுட்பாலை உதைக்கும். இவனும் அப்படித்தான் ஃபுட்பாலில் தொடங்கி, எப்படியோ ஹாக்கி ஸ்டிக்கைப் பிடித்தவன். மூன்று வருஷமாக நமக்கு சென்டர் ஃபார்வர்ட், கோல் அடிக்க முன்னால் நிற்கிறவன். மண் தரையில் அவனை நிறுத்த ஆள் கிடையாது. சீசன் பாதியில் கோச் அவனை ரைட் பேக் ஆக்கி, பின்னால் வலது பக்கம் காவலுக்கு நிறுத்தினார். அது சரியா தப்பா என்பது அப்புறம். அந்தச் செய்தி பையனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? நான் பக்கத்தில் இருந்தேன்.

காலை ஏழு மணி. பையன் ஸ்டிக்கை முட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாடா, இனிமே நீ பேக்காமே? கோல் அட்ச்ச வரைக்கும் போதும்னுட்டாங்களா?"

"யாருணா சொன்னது?"

"பசங்க பேசிக்கினாங்க. ராத்திரி குரூப்ல லிஸ்ட்டு வந்துச்சாம்."

பையன் போனை எடுத்துப் பார்க்கவில்லை. அவன் போனில் டேட்டா தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னைத் தட்டில் வைத்தான். ஸ்டிக்கின் கைப்பிடியில் சுற்றியிருந்த மஞ்சள் கிரிப்பின் நுனியைப் பிடித்து மெதுவாக உரிக்க ஆரம்பித்தான். புதுக் கிரிப், அந்த வாரம்தான் சுற்றியது. முழுக்க உரித்து, விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றி... கடைசியில் என்னைப் பார்த்து, "நான் இன்னா தப்பு பண்ணேன் மாமா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. டீக்குக் காசு கொடுத்தேன். அதுதான் என்னால் முடிந்தது.

இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கோச் செய்த மாற்றம் சரியான மாற்றம் என்பதுதான் இதில் வேதனை.

ஹாக்கி ஸ்டிக்கில் தட்டையான பக்கம் ஒன்றுதான். அதனால் வலது ஓரத்தில் நிற்கிறவனுக்குப் பந்தை இடது பக்கம் இழுத்து அடிப்பது இயல்பாக வரும். இந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்குவதே பின்னாலிருந்து, பெரும்பாலும் ரைட் பேக்கின் கையிலிருந்து. நம் அணியில் பந்தை வாரி எடுத்து, எதிராளிகள் தலைக்கு மேலே பாதி மைதானம் தூக்கிப் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஓடுகிற கால் ஃபுட்பால் கொடுத்தது. சென்டர் ஃபார்வர்டாக டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், அவன் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டால் பந்து வந்து சேராமல், இடுப்பில் கைவைத்து நிற்பான். அவன் பின்னால் வந்த பிறகு கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்ட நம் 'டி'-க்குள் வலது பக்கமாக எதிரி நுழைவது எவ்வளவு குறைந்தது என்பது என் நோட்டில் இருக்கிறது. மேட்சுக்கு மேட்ச் கோடு போட்டு வைக்கிறவன் நான். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

ஒருவனை இடம் மாற்றினால் தண்டித்துவிட்டார்கள் என்று ஏன் நினைக்கிறோம்? 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியை ராத்திரி கண் விழித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, ஞாயிறு மத்தியானமே வந்தது. எல்லாரும் பார்த்தோம். பிரிட்டனுக்கு எதிராக இரண்டாம் குவார்ட்டர் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டிஃபெண்டர் அமித் ரோஹிதாசுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேர். ஒலிம்பிக்கில் அணி என்பதே 16 பேர்தான். பிறவி மிட்ஃபீல்டரான மன்ப்ரீத் சிங் பின்னால் இறங்கி அந்த ஓட்டையை அடைத்தார். கேப்டனாக டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய ஆள். "என்னைப் போய் பேக்கா நிக்கச் சொல்றீங்களா" என்று முகத்தைத் தூக்கவில்லை. 1-1, ஷூட் அவுட்டில் 4-2. இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவன் ஒன்றரை ஆள். கோச்சுகள் அவனைத்தான் தேடுவார்கள்.

அடுத்தது கேப்டன் விவகாரம். எதிராளி தப்புக்குக் கிடைக்கிற பெனால்டி கார்னரில், பந்தை ஸ்டிக்கோடு இழுத்து கோலுக்கு வீசும் ட்ராக் ஃப்ளிக் அடித்துக்கொண்டிருந்தவரை, கோல்போஸ்ட் நிற்கிற பேக்லைன் கோட்டில் நின்று பந்தைத் தள்ளிவிடும் வேலைக்குக் கோச் மாற்றினார். கேப்டனின் மாமா பெஞ்சில் சொன்னது என் காதில் விழுந்தது: "கல்யாணத்துல மாப்ளைய பந்தி பரிமாற வுட்ட கதையா கீது."

மாமா அவர்களே, ஒரு நாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். போஸ்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி அந்தக் கோட்டில் பந்து இருக்கும். தள்ளுகிறவன் ஒரு கால் கோட்டுக்கு வெளியே, இடுப்பு தரையைத் தொடுகிற அளவுக்குத் தணிந்து, பந்தை ஸ்டிக்கோடு ஒட்டி இழுத்து விடுவான். அது 'டி'-யைத் தாண்டி வெளியே பந்தை நிறுத்தக் காத்திருக்கும் ஸ்டாப்பர் கையில், துள்ளாமல், பாய் விரித்த மாதிரி போய்ச் சேர வேண்டும். இந்தப் பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேர் பாய்ந்து வரக் காத்திருக்கிறார்கள். முகமூடியும் முட்டிக் காப்பும் போட்டுக்கொண்டு முதலில் ஓடி வருகிறவன் நேராக ஃப்ளிக் அடிக்கிறவனின் ஸ்டிக்கைப் பார்த்தே வருவான். தள்ளல் கண் இமைக்கும் நேரம் தாமதித்தால் அவன் வந்துவிடுவான். பந்து ஒரு துள்ளு துள்ளினால் ஸ்டாப்பர் தடுமாறுவான். அதோடு கார்னர் போச்சு. கோல் நின்ற எனக்குத் தெரியும். தள்ளல் சரியாக வந்துவிட்டால் என் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஃப்ளிக் அடிக்கிறவன் யார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நம் கேப்டனின் தள்ளல் அணியிலேயே நீளமானது, தட்டையானது. கோச் அதைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான்.

ஆனால் அதையும் கேப்டனிடம் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பயிற்சியில் விரலை நீட்டி, "நீ அங்க போ" என்றார். அந்த மனிதர் வாயைத் திறந்தால் பல் சுளுக்கிக்கொள்ளும் போல.

இப்போது "தூக்கு" கட்சிக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இந்திய ஆண்கள் அணிக்கு 2014 முதல் 2019க்குள் எத்தனை கோச் என்று விரல் விட்டு எண்ணுங்கள். டெர்ரி வால்ஷ், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்த சில வாரங்களிலேயே போனார். பால் வான் ஆஸ் வந்து சில மாதத்தில் போனார். ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் 2017 வரை தாக்குப்பிடித்தார். பிறகு மரீனே. 2018 காமன்வெல்த்தில் பதக்கம் வரவில்லை என்றதும் அவரைப் பெண்கள் அணிக்கு அனுப்பி, அங்கிருந்த ஹரேந்திர சிங்கை இங்கே கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பையில் கால் இறுதியோடு நின்றதும் ஹரேந்திரரும் போனார். 2019ல் கிரஹாம் ரீட். ஆக, ஆறு பேர். ஒருவர் சொல்லிக் கொடுத்ததை மறக்கவே அடுத்தவருக்கு நேரம் சரியாக இருந்திருக்கும்.

ரீடை விட்டுவைத்தார்கள். விட்டுவைத்ததன் பலன் என்ன என்று பாருங்கள். டோக்கியோவில் இரண்டாவது மேட்சிலேயே ஆஸ்திரேலியாவிடம் 1-7. அன்று ராத்திரி நம்ம பெஞ்சிடம் ஓட்டு கேட்டிருந்தால் ரீடை அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பீர்கள். அடுத்த பன்னிரண்டு நாளுக்குள் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம். 1980 மாஸ்கோவில் நம்ம ஊர் பாஸ்கரன் கேப்டனாக நின்று வாங்கிய தங்கத்துக்குப் பிறகு 41 வருஷம் கழித்து வந்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம்.

இதற்குப் பதில் சொல்ல உங்களில் ஒருவர் வாயெடுப்பார் என்று தெரியும். "2023 உலகக் கோப்பை தோற்றதும் ரீட் போனார், ஃபுல்டன் வந்தார், ஒரு வருஷம் கொஞ்சத்தில் பாரிசில் மறுபடி வெண்கலம் வந்ததே, அப்போ கோச்சை மாற்றினாலும் பதக்கம் வருதே?" நியாயமான கேள்வி. ஃபுல்டன் வந்ததும் வீட்டை இடிக்கவில்லை. ஸ்ரீஜேஷ், ஹர்மன்ப்ரீத், மன்ப்ரீத், ஹர்திக் என்று ரீட் கட்டி வைத்த சுவர் அப்படியே நின்றது. இவர் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். முதலில் கோல் வாங்காதே, பிறகு அடி என்பது அவர் பாடம். நீங்கள் நம் கோச்சை அனுப்பிவிட்டுக் கூப்பிட நினைக்கும் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வந்தால் சுவரை விட்டுவைப்பார் என்று உங்களால் கையெழுத்துப் போட முடியுமா?

அந்த ஃபுல்டன் விஷயத்திலேயே நம் பெஞ்சின் தீர்ப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 12, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம், ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். 2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு நம் ஊருக்கு இந்திய அணி இப்படி வந்து ஆடியது அப்போதுதான். நாம் பதினைந்து பேர் 29ஏ பிடித்துப் போயிருந்தோம். இடைவேளையில் மலேசியா 3-1. ஃபுல்டன் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. "இந்த வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும், தொர்த்தி வுடு" என்று சமோசாவைக் கடித்துக்கொண்டே தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் இன்று பொருளாளராக இருக்கிறார். மூன்றாம் குவார்ட்டர் முடிகிற நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், 3-3. கடைசி நாலு நிமிஷம் இருக்கும்போது ஆகாஷ்தீப் நாலாவதை அடித்தார். பொருளாளர் முன்சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். முன்சீட்டுக்காரர் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

அதே கதை 2025லும். ஜூன் மாதம் ஐரோப்பாவில் புரோ லீக், வரிசையாக ஏழு மேட்ச் தோல்வி, பெரும்பாலும் ஒரே கோல் வித்தியாசத்தில். "ஃபுல்டன் முடிஞ்சார்" என்றோம். செப்டம்பரில் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பை, உலகக் கோப்பைக்கு நேரடி டிக்கெட். கடைசி மேட்ச் ஸ்கோரை வைத்து ஆளை எடை போடுவது, கொதிக்கிற நேரத்தில் சோற்றை இறக்கிவிட்டு வேகவில்லை என்பது போல.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

1987. அப்போது எங்களுக்கு நாலு வருஷத்தில் நாலு கோச். ஒருவர் "எதிராளி நிழல் மாதிரி ஒட்டிக்கோ" என்றார். அடுத்தவர் "ஆளைப் பார்க்காதே, உன் கட்டத்தைக் காப்பாத்து" என்றார். மூன்றாமவர் வந்தபோது எங்கள் பேக்குகளில் ஒருவன் ஆளைப் பார்த்தான், ஒருவன் கட்டத்தைப் பார்த்தான். நடுவில் எதிராளி தனியாக வந்து நின்றான், நான் அவனைப் பார்த்தேன். நாலாமவர் வந்த சீசனின் முதல் மேட்சுக்குப் போனேன். மைதானத்துக் குழாயடிச் சுவரில் பசை தடவி லிஸ்ட் ஒட்டியிருந்தது. பேனா மை ஈரத்தில் கலைந்திருந்தாலும் என் பெயர் தெரிந்தது. கீழே, "ரிசர்வ்" என்பதற்கு நேராக. ஆறு வருஷம் முதல் கோலியாக நின்றவன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோச் பத்தடி தூரத்தில் விசில் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றார், என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்து லெக் பேடு மழையில் நனைந்தால் கால்வாசி அரிசி மூட்டை கனம் கனக்கும். இரண்டையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பெரம்பூர் பேரக்ஸ் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தேன். ஒரு சீசன் முழுக்க மைதானம் பக்கம் போகவில்லை. அவர் என்னை உட்காரவைத்தது சரிதான் என்று பிற்பாடு புரிந்தது. புதிதாக வந்த பையன் என்னைவிட வேகம். "உனக்கு முட்டி போயிடுச்சு, அவனுக்குச் சொல்லிக் கொடு" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருந்தால் அந்த வருஷமே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

கோவில்பட்டி விஷயத்தையும் பேசிவிடுகிறேன், அது எல்லார் மனதிலும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கோச் தெற்கத்திக்காரர், வரும்போது இரண்டு பையன்களைக் கூட்டிவந்தார், அயனாவரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், நம்ம ஏரியாப் பையன் பெஞ்சில் உட்காருகிறான், வெளியூர்ப் பையன் லெஃப்ட் ஹாஃப் ஆடுகிறான் என்பதுதானே? ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் கொண்டுவரும் கடலைமிட்டாயைத் தின்றுகொண்டே இதைப் பேசுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஸ்டிக் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்க்காரர், அவரோடு ஆடிய கார்த்தி அரியலூர்க்காரர். அதே கார்த்தி எழும்பூரில் மலேசியாவுக்கு எதிராக லீக் மேட்சில் கோல் அடித்தபோது "நம்ம பையன்" என்று கத்தினோமே, அரியலூர் அன்றைக்கு மட்டும் வடசென்னைக்கு வந்துவிட்டதா?

பெஞ்சில் உட்காருவதை அவமானமாக நினைப்பதும் பழைய கணக்கு. நாங்கள் 35 நிமிஷம் இரண்டு பாதி, பெரும்பாலும் அதே பதினொரு பேர் ஆடினோம். இப்போது 15 நிமிஷம் நாலு குவார்ட்டர். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஃபார்வர்டு நாலைந்து நிமிஷம் நாய் மாதிரி ஓடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்து மறுபடி உள்ளே போகிறான். லிஸ்ட்டில் இருக்கிற எல்லாருக்கும் வேலை இருக்கிறது. தாங்கள் எத்தனையாவது நிமிஷம் எதற்காக உள்ளே போகிறோம் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சனை. மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டேன் பார்த்தீர்களா?

கோச்சுக்கு வக்கீலாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி மேட்சில் அவர் செய்தது தப்பு. 1-1 என்று இருந்தபோது இடைவேளையில் கோல்கீப்பரை மாற்றினார். இரண்டு கீப்பரையும் ஆளுக்குப் பாதி நிறுத்துவது அவர் வழக்கம். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஸ்ரீஜேஷையும் பாதக்கையும் இந்திய அணியே ஒரே மேட்சில் மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கிறது. மூன்று ஒலிம்பிக் தங்கம் கண்ட நம்ம மெட்ராஸ் ரங்கநாதன் பிரான்சிசுக்கும் 1956ல் சங்கர் லக்ஷ்மண் என்று இன்னொரு கோலி அணியில் இருந்தார். ஆனால் ஜெயித்தே ஆக வேண்டிய நாளில், கை சூடாகி, மூன்று கார்னரைத் தடுத்து நிற்கிறவனை வெளியே கூப்பிடக் கூடாது. உள்ளே வந்த பையனுக்கு உடம்பே சூடேறவில்லை. முதல் கோல் அவன் காலுக்கடியில் போனது. அப்புறம் சீட்டுக்கட்டு சரிந்தது. இதை அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆமாங்கய்யா, அன்னிக்கு என் கணக்கு தப்பிருச்சு" என்றார். தப்பை ஒத்துக்கொள்கிற கோச்சை நான் வாழ்நாளில் இவரோடு சேர்த்து இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

கமிட்டிக்கும் ஒரு தகராறு பாக்கி இருக்கிறது. கோச் வந்த முதல் மாதமே வாரத்துக்கு மூன்று நாள் டர்ஃப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நீங்கள் கொடுத்தது ஒன்று. அதுவும் விடியற்காலை ஐந்தரை. பையன்கள் ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து எழும்பூர் போய், ஈர டர்ஃபில் கால் வழுக்கப் பழகுவதற்குள் அடுத்த அணி வந்து கோட்டருகில் நின்றுவிடும். மீதி நாளெல்லாம் நம் மண் தரை. மண்ணில் பந்து தவளை மாதிரி வரும். கேப்டனின் அந்தத் தட்டையான தள்ளலை மண்ணில் எப்படிப் பழகுவது? 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் முதல்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. அதற்கு முந்தின வருஷம்தான் உலகக் கோப்பையை ஜெயித்த இந்தியா (நம்ம ஊர் வி.ஜே. பிலிப்ஸ் இரண்டிலும் ஆடினார்) மான்ட்ரியலில் ஏழாவது இடத்துக்குப் போனது. தரை மாறினால் ராஜாவும் வழுக்குவான். அரை நூற்றாண்டு கழித்தும் நாம் மண்ணில் பழகி டர்ஃபில் பரீட்சை எழுதுகிறோம். மார்க் குறைந்தால் வாத்தியாரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இது. மூன்று வருஷம் கான்ட்ராக்ட் போடுங்கள். வருஷா வருஷம் உட்கார்ந்து பேசுங்கள், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் இரண்டு நாளாவது டர்ஃப் என்று உங்கள் பக்கத்து வாக்கையும் அதே தாளில் எழுதுங்கள். யார் எங்கே ஆடுவது என்பதில் கமிட்டி தலையிடாது என்றும் எழுதுங்கள். கேப்டனின் மாமாவுக்கு ஒரு நகல் கொடுங்கள். கோச்சிடமிருந்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தப் பையனுடைய இடமும் வேலையும் மாறினாலும், லிஸ்ட் குரூப்பில் ஏறுவதற்கு முன்னால் அவன் எதிரே நின்று, அவன் முகத்தைப் பார்த்து, ஏன் என்று சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் போதும். இரண்டு வாக்கியம் போதும். அவருக்குப் பேச்சு வரவில்லை என்றால் நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன். எனக்குப் பேச்சு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

ஒன்பதாம் நம்பரிடம் போன வாரம் நானே சொன்னேன். மண் தரையில் ஸ்டிக்கால் படம் போட்டு, நீ இங்கே நின்றால் பந்து இப்படிப் போகும், ஆட்டம் உன்னிடம்தான் தொடங்கும் என்று காட்டினேன். குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இத அவரு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே நின்னுருப்பேனே மாமா" என்றான். ஸ்டிக்கில் கிரிப் இல்லை. வெறும் மரத்தைப் பிடித்தே ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறான். உள்ளங்கையில் கொப்புளம்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு கூட்டத்தை மாலை ஐந்து மணி என்று போட்டிருக்கிறீர்கள். அன்று பையன்களுக்கு எழும்பூரில் பயிற்சி மேட்ச் இருக்கிறது, திரும்பி வர ஏழாகும். கூட்டத்தை ஏழரைக்கு மாற்றுங்கள். கேப்டனும் ஒன்பதாம் நம்பரும் உள்ளே உட்காரட்டும். கோச்சையும் கூப்பிடுங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
கோல்போஸ்டுக்குப் பின்னாலிருந்து
உங்கள் பழைய கோலி
பெரம்பூர்